மதுரையின் பெயரைத் தாங்கிய நோய்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் பாட்டும் நடனமும் பட்டிமன்றமும் இருக்க வேண்டியதே. அவற்றின் நடுவே ஒரு நோயைப் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறார்கள். மங்கலமான நாளில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சில தாய்மார்கள் எண்ணக்கூடும். ஆயினும் இந்நோய் நம்முடைய ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கி உலகமெங்கும் வழங்குகிறது. சூடான் நாட்டு மருத்துவரும் மெக்சிகோ நாட்டு மருத்துவரும் மதுரையைக் கண்டதில்லை. எனினும் 'மதுரா ஃபுட்' என்ற சொல்லை மாணவப் பருவத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். தமிழில் நாம் அதனை மதுரைக்கால் எனலாம். மீனாட்சி அம்மையின் நகரத்துக்கு உலகில் இப்படியும் ஒரு புகழ் கிடைத்திருக்கிறது.

1842 ஆம் ஆண்டில் மதுரையில் இருந்த மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்ற ஆங்கில மருத்துவர், அங்கு வந்த உழவர் சிலருடைய பாதங்கள் உருக்குலைந்து, முடிச்சு முடிச்சாகப் புடைத்து, பல துளைகளின் வழியே சீழ் வடிவதைக் கண்டு, இது தனி நோய் என்று எழுதிவைத்தார். அதற்கு முன்பு இந்நோய் இந்நாட்டில் இல்லை என்பது பொருளன்று. 'பாதவல்மீகம்', அதாவது காற்புற்று, என்ற பழைய வடமொழிச் சொல்லை மருத்துவ வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவர். கரையான் புற்றில் எத்தனை வாயில்கள் உண்டோ அத்தனை வாயில்கள் இந்தக் காலிலும் உண்டு. பெயரிட்டவர் கண்ணால் பார்த்தே பெயரிட்டிருக்கிறார்.

மதுரையில் தொடங்கிய இக்கதையின் அடுத்த பகுதி பம்பாயில் நடந்தது. நம்மைப் போலவே நோயின் வரலாறும் தெற்கேயிருந்து வடக்கே குடிபெயர்ந்தது போலும்! ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற இளம் மருத்துவர் 1858 ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும் அதனைச் சேர்ந்த ஜே.ஜே. மருத்துவமனையிலும் பணியேற்றார். நம் கல்யாணுக்குப் புகைவண்டி வந்து அப்பொழுது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கார்ட்டர் மருத்துவர் மட்டுமல்லர். கைதேர்ந்த ஓவியரும் ஆவார். மருத்துவ மாணவர் அனைவரும் அறிந்த கிரே என்பாரின் உடற்கூற்று நூலில், 1858 ஆம் ஆண்டின் முதற்பதிப்பில் இருந்த படங்களை வரைந்தவர் அவரே. நூலின் முகப்பில் தம் பெயரைக் காட்டிலும் கார்ட்டரின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும்படி கிரே பார்த்துக்கொண்டார் என்பது வேறு கதை. இன்று உலகம் அந்நூலைக் கிரேயின் பெயரால்தான் அறிகிறது.

அந்த ஓவியர் பம்பாயில் மதுரைக்கால் நோயை எடுத்துக்கொண்டார். அறுவையில் நீக்கப்பட்ட பாதங்களைப் பிளந்து, உள்ளே எலும்பு எவ்வாறு அரிக்கப்பட்டிருக்கிறது, குழிகள் எங்கே உள்ளன, அவற்றுள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். 1860 ஆம் ஆண்டில் இந்நோய்க்கு 'மைசீட்டோமா' என்று பெயரிட்டார். காளானால் வரும் கட்டி என்பது அதன் பொருள். 1874 ஆம் ஆண்டில் வண்ணப் படங்களுடன் தனி நூலே வெளியிட்டார். உயிரோடிருப்பவரின் காலுக்குள் அறுக்காமல் நோக்கும் கருவி ஏதும் இல்லாத காலம் அது. ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 ஆம் ஆண்டில்தான். ஆகவே மதுரைக்காலின் உட்புறத்தைக் காட்டிய முதற் படக்கருவி கார்ட்டரின் தூரிகையே என்று சொல்லலாம். ஆனால் அப்படத்தை வரைவதற்கு நோயாளி முதலில் காலை இழந்திருக்க வேண்டும். காலை இழக்காமலேயே அந்தப் படத்தைக் காணும் வழி வந்த வரலாற்றையே இன்று தங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் நோயின் இயல்பைச் சொல்லிவிடுவோம். வெறுங்காலுடன் வயலிலும் காட்டிலும் நடப்பவர் காலில் முள் தைக்கிறது. இராமநாதபுரத்துக் கருவேல முள்ளை அறியாதவர் இந்த அவையில் மிகச் சிலரே இருப்பர். முள்ளோடு மண்ணில் வாழும் கிருமி உள்ளே செல்கிறது. முள்ளை எடுத்தெறிந்துவிட்டு உழவர் வேலையைப் பார்க்கிறார். பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்து, தைத்த இடத்தில் ஒரு சிறு கட்டி எழும்புகிறது. அதில் வலி இல்லை. இந்நோயின் வஞ்சகமே அதுதான். வலித்தால் மனிதன் வைத்தியரிடம் ஓடுவான். வலிக்காத கட்டியோடு அவன் வருடக்கணக்கில் குடும்பம் நடத்துவான். கட்டி பெருத்து, தோலில் துளைகள் விழுந்து, சீழோடு குருணை குருணையாகச் சில மணிகள் வெளிவரும். கிருமிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து கட்டிக்கொண்ட கோட்டையே அந்த மணி. கட்டி, துளை, மணி ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது மதுரைக்கால். உள்ளே நோய் தசையைக் கடந்து எலும்பைத் தின்னும். நரம்பையும் தசைநாணையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஆகவேதான் எலும்பு அரிக்கப்பட்ட பிறகும் நோயாளி நடந்துகொண்டிருக்கிறார்.

பத்தில் ஏழு பேருக்குக் காலில்தான் வருகிறது. கையிலும் முதுகிலும் வருவதுண்டு. மெக்சிகோவில் விறகை முதுகில் சுமப்பவர்க்கு முதுகிலேயே வருகிறதாம். எங்கே முள்ளும் மண்ணும் உடம்பைத் தொடுகின்றனவோ அங்கே வருகிறது.

இங்கே கார்ட்டர் வைத்த பெயரில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. எல்லா மதுரைக்காலும் காளானால் வருவதன்று. கறுப்பு மணி, வெளிறிய மணி என்று இரண்டு வகை இருப்பதை அவரே கண்டு பிரித்து எழுதினார். ஆனால் இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு குலத்துக் கிருமிகள் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1894 ஆம் ஆண்டில் வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் வெளிறிய மணியிலிருந்து ஒரு நுண்கிருமியைப் பிரித்தெடுத்தார். இழை இழையாக வளர்வதால் காளானைப் போலத் தோன்றும் அது, உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. இன்று அதன் பெயர் ஆக்டினோமதுரா மதுரே. முதற்பெயரிலும் மதுரை, இரண்டாம் பெயரிலும் மதுரை! காளான் வகையில் முதன்மையானதன் பெயர் மதுரெல்லா. அதிலும் நம் ஊரை விடவில்லை.

கறுப்பு மணி காளான். சிவப்பு மணி பாக்டீரியா. வெள்ளையும் மஞ்சளும் பெரும்பாலும் பாக்டீரியா, சில வேளைகளில் காளான். இராஜஸ்தான் போன்ற வறண்ட நாடுகளில் காளான் வகை மிகுதி. நம் தென்னாட்டில் பாக்டீரியா வகையே மிகுதி என்பர். இந்த வேறுபாடு ஏட்டில் மட்டும் இருப்பதன்று. பாக்டீரியா வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். காளான் வகைக்கு நீண்ட நாள் வேறு மருந்தும், அதனோடு அறுவையும் வேண்டும். அப்போதும் திரும்பி வருவதுண்டு. ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டால் மருந்தும் வீண், காலமும் வீண், காலும் போகலாம்.

எம் குடும்பத்தில் அப்படி ஒரு கால் போயிற்று. எம் சிறிய தந்தையார் சிவகங்கைப் பக்கத்தில் மானாவாரி நிலத்தில் உழுதவர். வலக்காலில் கட்டி வந்து ஆறேழு ஆண்டுகள் ஆனபின் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு முறை கட்டியை மட்டும் கீறினார்கள். பிறகு எலும்புருக்கி நோயின் கிருமி என்று சில மாதம் மருந்து கொடுத்தார்கள். இறுதியில் 1974 ஆம் ஆண்டில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்நாளில் அவரைப் பார்த்துக்கொண்டவர் எம் அன்னையார். காலில் சுற்றிய துணியைத் தினமும் துவைத்தவரும் அவரே. பல ஆண்டுகள் கழித்து நாம் இந்நோயைப் பற்றிப் படித்தபோது அன்னையாரிடம், 'அந்தத் துணியில் மணி மணியாக ஏதாவது இருக்குமா? என்ன நிறம்?' என்று கேட்டோம். அவர் சிறிதும் யோசிக்கவில்லை. 'ரவை மாதிரி இருக்கும். வெள்ளை. உதறினால் கல்லில் ஒட்டிக்கொள்ளும்' என்றார். பிறகு, 'அதை அந்த டாக்டர் யாரும் கேட்கவில்லையே' என்றார்.

வெள்ளை மணி. பெரும்பாலும் பாக்டீரியா. மருந்தால் ஆறியிருக்கக்கூடிய கால் என்று நாம் உறுதியாகச் சொல்ல இயலாது. வெள்ளை மணியில் காளானும் உண்டென்று சற்றுமுன் சொன்னோம். அந்த மணியை ஒருவர் நுண்ணோக்கியின் கீழ் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். வைக்கவில்லை.

இனிப் படங்களுக்கு வருவோம்.

முதலாவது எக்ஸ்ரே. அது எலும்பைக் காட்டும். நோய் எலும்பைத் தொட்ட பிறகே பயன்படும் என்பது அதன் குறை. ஆயினும் அதிலும் ஒரு குறிப்பு உண்டு: காளான் வகையில் எலும்பில் விழும் குழிகள் சிலவாய், பெரியவாய், ஓரம் தெளிவாய் இருக்கும், பாக்டீரியா வகையில் பலவாய், சிறியவாய், ஓரம் மங்கலாய் இருக்கும். எறும்பு தின்ற மரத்துக்கும் எலி தின்ற மரத்துக்கும் உள்ள வேறுபாடு என்று கொள்ளலாம். எல்லா எலும்பு நோயும் எக்ஸ்ரேயில் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றுவதால், இதனை மட்டும் நம்பியவர் ஏமாந்ததுண்டு. எலும்புருக்கி என்றும் புற்று என்றும் முடிவுகட்டியதுண்டு.

இரண்டாவது ஒலியலைப் படம். கருவுற்ற பெண்களுக்கு எடுக்கும் அதே ஸ்கேன்தான். காதுக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்பி, அது எதிரொலித்து வருவதைப் படமாக்குவது. இதனை மதுரைக்காலுக்குப் பயன்படுத்துவதில் முன்னோடிகள் சூடான் நாட்டவர். கார்ட்டூம் நகரத்தில் 1991 ஆம் ஆண்டில் இந்நோய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார்கள். அதன் தலைவரான பேராசிரியர் பஹலும் அவருடைய தோழரும் 1997 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தடித்த சுவருள்ள குழிக்குள் காளான் மணிகள் கூர்மையான ஒளிப்புள்ளிகளாகப் பளிச்சிடும் என்றும், பாக்டீரியா மணிகள் நுண்ணியவாய், மங்கலாய்க் குழியின் அடியில் படிந்திருக்கும் என்றும் அதில் காட்டினார்கள். அறுக்காமல், கதிர் பாய்ச்சாமல், குறைந்த செலவில் இவ்வளவு தெரிகிறது. கையில் தூக்கிச் செல்லும் சிறு கருவியோடு கிராமம் கிராமமாகச் சென்றும் சோதித்தார்கள். அந்த நிலையம் 2023 ஆம் ஆண்டில் தொடங்கிய சூடான் போரில் அழிந்துவிட்டது என்ற செய்தியை நாம் மிக்க வருத்தத்தோடு படித்தோம். நம் ஊர்ப் பெயர் கொண்ட நோய்க்கு உலகிலேயே தனித்துப் பாடுபட்ட இடம் அது.

மூன்றாவது, எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படம். நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். வலிய காந்தத்தின் நடுவே உடலை வைத்து, வானொலி அலை போன்ற அலையைச் செலுத்தினால், தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள நீர்வாயு அணுக்கள் மறுமொழி கூறும். அந்த மறுமொழியே படமாகிறது. நீர் மிகுந்த இடம் ஒரு வகைப் படத்தில் வெண்மையாகவும், நார் இறுகிய இடம் கறுப்பாகவும் தோன்றும். இப்படத்தில் மதுரைக்கால் தன் கையெழுத்தையே இட்டுவைக்கிறது. 2 முதல் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு சிறு வெண்வட்டங்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கருங்கோடு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. நடுப்புள்ளிதான் மணி. அதனைச் சுற்றியுள்ள வெண்மை, உடல் அக்கிருமியோடு போராடுகிற புண். வெளிக்கோடு, உடல் எழுப்பிய நார்ச்சுவர். 'வட்டத்துள் புள்ளி' என்று இதற்குப் பெயர். தாய்மார்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மார்கழி மாதத்தில் வாசலில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் கோடிழுத்து வளைக்கும் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அடையாளத்தை 2003 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் இரண்டு நோயாளிகளிடம் கண்டு எழுதினார்கள். அடுத்து 2009 ஆம் ஆண்டில் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மூன்று நோயாளிகளின் பாதங்களில் இதே அடையாளத்தைக் காட்டிக் கட்டுரை வெளியிட்டார்கள். மதுரையில் பெயர் பெற்ற நோய் 1842 ஆம் ஆண்டில் தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றித் தமிழ்நாட்டுக்கே வந்து படத்தில் அகப்பட்டது என்பதில் எமக்கு ஒரு நிறைவு உண்டு. எண்ணிக்கை சிறிதாயிற்றே என்று கேட்கலாம். புறக்கணிக்கப்பட்ட நோய்களின் ஆராய்ச்சி இப்படித்தான் மூவர், இருவர் என்று வளர்கிறது. ஏழையின் காலுக்கு ஆயிரம் பேரைத் திரட்டி ஆராயப் பணம் கொடுப்பவர் யார்? உலக சுகாதார நிறுவனம் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பநாட்டு நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2016 ஆம் ஆண்டில்தான். கில் எழுதியதற்கும் அதற்கும் இடையே 174 ஆண்டுகள்!

காந்தப் படத்தின் பயன் பெயரைச் சொல்வதோடு நிற்பதில்லை. நோய் எதுவரை பரவியிருக்கிறது, எலும்புக்குள் நுழைந்ததா, எந்தத் தசை தப்பியிருக்கிறது என்றெல்லாம் காட்டும். அறுவை தேவைப்பட்டால் எவ்வளவு எடுத்தால் போதும் என்பது முன்னமே தெரியும். மருந்து வேலை செய்கிறதா என்று ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். வெளியே தோல் ஆறிவிட்டது என்று மருந்தை நிறுத்தி ஏமாறுவோர் பலர்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வட்டத்துள் புள்ளி இது மதுரைக்கால் என்று சொல்லுமேயன்றி, பாக்டீரியாவா காளானா என்று தனித்துச் சொல்லாது. ஒலியலைப் படம் ஓரளவு குறிப்புத் தரும். முடிவுத் தீர்ப்பு, மணியை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதிலும், தசைத்துணுக்கை ஆராய்வதிலும், கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்ப்பதிலும்தான் இருக்கிறது. படம் எங்கே ஊசி போட்டால் மணி கிடைக்கும் என்று வழிகாட்டும். ஸ்கேன் எடுத்துவிட்டோம், எல்லாம் தெரிந்துவிட்டது என்று உறையைக் கையில் வைத்துக்கொண்டு திருப்தியடையும் வழக்கம் நம் நகரத்தில் மிகுந்து வருவதால் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

பாக்டீரியா வகை என்று உறுதியானால் கோ-ட்ரைமாக்சசோல் என்னும் மாத்திரையும் அமிகாசின் என்னும் ஊசியும் சேர்ந்த சிகிச்சையை மெக்சிகோ நாட்டு மருத்துவர் வெல்ஷ் 1987 ஆம் ஆண்டில் எழுதினார். நம் டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தார் 2000 ஆம் ஆண்டில், தொடக்கத்தில் ஊசி, பிறகு நீண்ட நாள் மாத்திரை என்ற இரண்டு படிச் சிகிச்சையை வெளியிட்டார்கள். மாதக்கணக்கில் நீளும் சிகிச்சை இது. அமிகாசின் காதையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. ஆகையால் இடையிடையே சோதனை வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தாமே போட்டுக்கொள்ளும் மருந்தன்று.

நம் காலனிக் குடும்பங்களுக்கு இதனால் என்ன? அடுக்குமாடியில் செருப்பணிந்து வாழும் நம் பிள்ளைகளுக்கு இந்நோய் வருவது அரிது. ஆனால் கல்யாண் சந்திப்பில் தென்னாட்டு வண்டிகளிலிருந்து மூட்டையோடு இறங்கி, கட்டட வேலைக்கும் செங்கல் வேலைக்கும் செல்கிறவர்களை நாள்தோறும் காண்கிறோம். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரின் கணவரும் காவலாளியும் ஊரில் உழுதுவிட்டு வந்தவர்களே. முள் ஊரில் தைத்திருக்கும். கட்டி இங்கே எழும்பும். இந்நகரத்து மருத்துவர் அதனை எளிதில் நினைக்கமாட்டார். 'எந்த ஊர், என்ன தொழில், வெறுங்காலா' என்ற கேள்விகளைக் கேட்க அவருக்கு நேரமும் இல்லை, கேட்டாலும் மொழி இடிக்கிறது. நோயாளிக்கு மராத்தி வாராது. மருத்துவருக்குத் தமிழ் வாராது. அந்த இடத்தில் நம் சங்கத்தார் ஒருவர் உடன் நின்று, 'ஐயா, இவர் இராமநாதபுரத்து உழவர், நான்கு வருடமாகக் கட்டி, வலியில்லை, துணியில் மணி விழுகிறது' என்று எடுத்துரைத்தால் போதும். மருத்துவர் தாமே நிமிர்ந்து உட்காருவார்.

ஜே.ஜே. மருத்துவமனை இன்றும் பைக்குல்லாவில் இருக்கிறது. நம் கல்யாணிலிருந்து ஒரே வண்டி. தாராவியில் உள்ள நம்மவர்க்குச் சயான் மருத்துவமனை அருகிலேயே உள்ளது. பெரிய பொது மருத்துவமனைக்குச் செல்வதில் ஒரு வசதி யாதெனின், தோல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் கிருமி ஆய்வுக்கூடமும் படப்பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பதேயாம். சீழ் படிந்த துணியைத் துவைத்துவிட்டுச் செல்லாமல், மணி ஒட்டிய துணியைத் தூய உறையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். எம் அன்னையார் கல்லில் உதறியதை வேறொரு தாய் உதற வேண்டாம்.

வரும் கோடை விடுமுறையில் தங்களில் பலர் ஊருக்குச் செல்வீர்கள். வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் கால் நீட்டி அமர்ந்திருக்கும்போது, உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள். வலியில்லாத பழைய கட்டி ஏதேனும் இருந்தால், 'அது பல வருடமாக இருக்கிறது, ஒன்றும் செய்யாது' என்று அவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எம்மிடம் வட்டத்துள் புள்ளி தெரியும் படத்தின் அச்சுப்படி ஒன்று இருக்கிறது. சிற்றுண்டி இடைவேளையில் வாயிலருகே உள்ள மேசைமேல் வைத்திருப்போம். விரும்புவோர் வந்து காணலாம்.